பத்துப் பத்தில் நிற்கும் மணிக்கூடுகள்

மச்சாள்,

இன்று காலை கொழும்பிலிருந்து கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. பெட்டியை அறுத்துத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. புதுத் தோல் பட்டியும், மணிக்கூட்டைச் சுற்றி வைக்கிற சின்னத் தலையணையும், கொஞ்சம் பசையும் சேர்ந்த மணம். நீங்கள் கடைக்குள் வந்ததும் வராததுமாக ஒரு பெட்டியைத் தூக்கி மூக்கில் வைத்து, "புதுப் புத்தகத்தை விட இது நல்லாயிருக்கு" என்பீர்கள். முதலாளி சிரிப்பார். இன்று ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நானும் ஒரு பெட்டியை மூக்கில் வைத்தேன். உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. இது எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்கவில்லை. யோசித்தால் எழுத வராது.

நாம் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிட்டோம். என் கணவரின் அக்கா நீங்கள். வயதில் என்னை விட நன்றாக மூத்தவர். பேர் சொல்லி, வாடி போடி என்று என்னை அழைத்திருந்தாலும் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் கலியாணமாகி உங்கள் வளவுக்குள் கால் வைத்த அன்றே, "நான் உனக்கு மச்சாள், நீ எனக்கு மச்சாள். இதிலை பெரிசு சின்னன் இல்லை" என்று சொல்லிவிட்டீர்கள். சொல்லிய கையோடு தேங்காய் துருவச் சொன்னது வேறு கதை.

வந்த சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முறை பெண்களுடைய மணிக்கூடுகளின் முகம் சிறுத்துவிட்டது. சதுரமும் நீள்வட்டமுமாக, புளியங்கொட்டை அளவில் வந்திருக்கின்றன. உங்களுக்குக் கட்டோடு பிடிக்காது. "இதிலை நேரம் பாக்க முதல் மணிக்கூட்டைத் தேட வேணும்" என்பீர்கள். ஆண்களுக்குக் கரும்பச்சை டயல், அகன்ற உருக்குச் சங்கிலிப் பட்டி. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பச்சையைத்தான் எடுத்துக் கட்டியிருப்பீர்கள். ஆம்பிளை மணிக்கூடு என்று யாராவது சொன்னால், "ஏன், அதுக்கு மீசை கிடக்கே?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் கையில் மணிக்கூடு ஓடியதை விட நின்றதுதான் கூட. பற்றரி மாற்றித் தருகிறேன் என்று நான் கெஞ்சுவேன். "நேரம் பாக்கப் போன் கிடக்கு. இது கைக்கு" என்று இழுத்துக்கொள்வீர்கள். ஒருமுறை உள்துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெரியவர் உங்களிடம் நேரம் கேட்டார். நீங்கள் கையை உயர்த்தி, எப்போதோ நின்றுபோன அந்த மணிக்கூட்டை மகா மரியாதையாகப் பார்த்தீர்கள். பிறகு வெயிலைப் பார்த்தீர்கள். "பதினொண்டரை ஆகப் போகுது, ஐயா" என்றீர்கள். அவரும் நம்பிப் போனார். பஸ் ஏறியதும் நான் களவாகப் போனைப் பார்த்தேன். ஏறக்குறையச் சரிதான். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

கந்தோரில் உங்களோடு வேலை செய்த பெண்களில் பாதிப்பேர் எங்கள் கடைக்கு வந்தது உங்கள் கையைப் பார்த்துத்தான். பேர் போன கம்பனி, பேர் தெரியாத கம்பனி என்று நீங்கள் பார்த்ததில்லை. சேலைக்குச் சேர்ந்ததா, கைக்கு எடுத்ததா, அவ்வளவுதான். முதலாளி கிண்ணியாவிலிருந்து வந்து திருகோணமலைப் பட்டினத்தில் கடை போட்ட மனிதர், வியாபாரம் தெரிந்தவர். "ஒங்கட மச்சாளுக்குச் சம்பளம் குடுக்காம வேலை வாங்குறன் புள்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படி நாமெல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் உங்கள் தம்பி போனார். மாரி மழை பெய்த ஒரு பின்னேரம் நெஞ்சு நோகிறது என்று ஆசுபத்திரிக்குப் போனவர், நடந்து திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. காப்பு, பொட்டு, பூ என்று ஒவ்வொன்றாக என்னிடமிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நீங்கள் அந்த நேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து நான் கடைக்குத் திரும்பினேன். மணிக்கூட்டுக் கடையில் நிற்கிறவளுக்குக் கைதான் காட்சிப் பெட்டி. வாங்க வந்தவர் ஒன்றைச் சுட்டிக் காட்டினால், அதை என் கையில் போட்டுத்தான் காட்டுவேன். பிடித்துவிட்டால் அவர் கையில் நானே கட்டிவிடுவேன். கலியாண வீட்டுக்காரர்கள் ஒரே பெட்டியில் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக வருகிற சோடி மணிக்கூடு கேட்டு வருவார்கள். அவர்களுக்கும் அப்படித்தான். தாலியும் கட்டுவதுதான், மணிக்கூடும் கட்டுவதுதான் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு கலியாணப் பெண்ணின் தாய் தோன்ற வைத்தார். என் வெறும் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு எடுக்கிறம் பிள்ளை. வேறை ஆள் இல்லையோ?" என்றார். மெல்லத்தான் கேட்டார். மெல்லக் கேட்டது இன்னும் சுட்டது.

ஒருவர் கேட்டால் போதாதா? அடுத்தவர் கேட்கும் முன்பே நான் பின்னால் இருந்த சின்ன மேசைக்குப் போய்விட்டேன். பற்றரி மாற்றுவது, சங்கிலிப் பட்டியில் கண்ணி கழற்றி அளவாக்குவது, அவ்வளவுதான் என் வேலை. "எனக்கு அதெல்லாம் ஒண்டுமில்ல புள்ள, நீ முன்னுக்கே நில்லு" என்று முதலாளி சொன்னார். மனதாரச் சொன்னார். ஆனாலும் என்னால் நிற்க முடியவில்லை. பின்மேசை வேலைக்கு ஒரு முழு ஆள் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடையை விட்டால் எனக்கு வீடுதான். வீட்டில் இருந்துவிட்டால் பிறகு என்னை ஒருவரும் வெளியே எடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன்.

நீங்கள் ஒரு நாள் கந்தோர் விட்டதும் வந்தீர்கள். முன்னால் விற்பனைக்கு நின்ற மற்றப் பிள்ளையிடம் ரோஸ் கோல்ட் நிறத்தில் ஒன்றை வாங்கி, நேரே பின்மேசைக்கு வந்து என் கையைப் பிடித்தீர்கள். பட்டியே காப்புப் போல வளைந்த மணிக்கூடு. நான் கையை இழுத்தேன்.

"சனம் கதைக்கும் மச்சாள்."

"காப்புப் போட்டால் கதைக்கும். இது காப்பே? வேலைக்குப் போற பொம்பிளை நேரம் பாக்கிறதுக்கு ஆரிட்டைக் கேக்க வேணும்?"

"அப்படியும் கேட்டால்?"

"கேட்டா நேரத்தைச் சொல்லு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உங்கள் தம்பி போனபின் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். ஆனாலும் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு பின்மேசையிலேயே இருந்தேன். நீங்கள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சும்மா இருந்தால் எதற்கோ ஆயத்தம் பண்ணுகிறீர்கள் என்று நான் அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகள் வினோவுக்குக் கிளிவெட்டியில் சம்பந்தம் பொருந்தியது. நல்ல பெடியன், கந்தளாயில் வேலை. வயல்காரக் குடும்பம். தாயாரும் தங்கமான மனுசி, ஒன்றைத் தவிர: பஞ்சாங்கம் பார்க்காமல் பல்லும் விளக்க மாட்டார் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். சோடி மணிக்கூட்டை இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து எடுப்பது என்று முடிவானது. எந்தக் கடை என்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் வேறு கடை சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒரு சனிக்கிழமை. வெயில் ஏறியபின் வந்தீர்கள். நீங்கள், வினோ, மாப்பிள்ளை, அவருடைய தாயார். நான் உள்ளேயிருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வினோவுக்கு வெள்ளை முகம் பிடித்தது, மாப்பிள்ளைக்கு நீலம் பிடித்தது. சோடி என்றால் ஒரே நிறம்தான் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லி நீலத்தையே எடுத்தீர்கள். முன்னால் நின்ற பிள்ளை கட்டிவிடப் போனாள்.

"நில்லு பிள்ளை" என்றீர்கள். "உள்ளை என்ரை மச்சாள் இருக்கிறாள். அவளை வரச் சொல்லு."

நான் வாசல் சீலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இஞ்சை வேலை கிடக்கு மச்சாள்" என்றேன்.

"இதுவும் வேலைதானே. வா."

வந்தேன். மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்தார். அவர் வாயில் 'வேறை ஆள்' என்ற அந்தச் சொல் வரவில்லை, நல்ல மனுசி என்றேனே. சுற்றும் முற்றும் பார்த்தார். பெட்டியில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ. பத்துப் பத்தெல்லோ காட்டுது? இண்டைக்குச் சனிக்கிழமை. பத்தரை மட்டும் ராகுகாலம். இப்ப ஒண்டும் கட்டேலாது."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அது நேரமில்ல அம்மா. கடையில உள்ள எல்லா மணிக்கூடும் பத்துப் பத்துலதான் நிக்கும். முள்ளு ரெண்டும் கம்பனிப் பேரை மறைக்காம, பாக்க வடிவா இரிக்கும் எண்டு அப்பிடி வெச்சு அனுப்புறாங்க."

தாயார் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எல்லாம் பத்துப் பத்து. அந்தக் கடையில் எல்லாச் சனிக்கிழமையும் நாள் முழுக்க ராகுகாலம்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். தாயார் விடவில்லை. "அதெண்டாலும் முள்ளு நிக்கிறது அதிலைதானே? அந்த நேரத்தோடை எப்படிப் பிள்ளையளின்ரை கையிலை ஏத்திறது?"

நியாயமான கேள்விதான். கை பழகிய வேலையைச் செய்தது. மணிக்கூட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த சின்னத் திருகை இழுத்தேன், பெருவிரலும் சுட்டுவிரலும் வைத்துத் திருப்பினேன். முள் பத்தரையைத் தாண்டியது. பதினொன்றைத் தாண்டிச் சரியான நேரத்தில் நின்றது. திருகை அமுக்கினேன். மற்றதையும் அப்படியே செய்தேன்.

அப்போதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"பாத்தியளே சம்மந்தி? ராகுகாலத்தையே ரெண்டு விரலாலை தள்ளி விட்டிட்டாள். இந்தக் கைக்கு இனி என்ன குறை?"

முதலாளி வெடித்துச் சிரித்தார். வினோ கையை என் முன்னால் நீட்டினாள். அவளுக்கு நான் மாமி. சின்ன வயதில் எத்தனையோ முறை அந்தக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு முதல் முறை கொக்கி விழவில்லை. இரண்டாம் முறைதான் விழுந்தது. மாப்பிள்ளை தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அவரும் நீட்டினார். "கட்டுங்கோ மாமி" என்றார். அந்த மாமியை நான் எதிர்பார்க்கவில்லை. தாயார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினத்து வீதிகளில் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று கடை வாசலில் கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நின்றது. வேறு நாளில் யாராவது அதை விரட்டியிருப்பார்கள்.

திங்கட்கிழமை நான் முன்மேசையில் போய் நின்றேன். முதலாளி கண்டும் காணாதவர் போலப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்த கலியாண வீட்டுக்காரர்களில் இரண்டொருவர் முகம் சுளித்ததும் உண்டு. "என்னட்டைப் பிடிக்காட்டி அந்தப் பிள்ளையிட்டைக் கட்டுங்கோ, மணிக்கூடு ஒண்டுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகினேன். அது உங்கள் வாய். என் வாயில் அவ்வளவு உப்பு இல்லை.

வினோவின் கலியாணம் நடந்தது. உங்கள் தம்பி தாய்மாமனாக நிற்க வேண்டிய இடத்தில், மணவறைக்குப் பக்கத்தில், என்னை நிறுத்தினீர்கள். சம்மந்தியம்மா என்னோடு இரண்டு வார்த்தைதான் பேசினார். சாப்பிட்டீரோ என்று கேட்டார், ஓம் என்றேன். அதுவே பெரிது என்று எனக்கு இருந்தது. காலம் போகப் போக அவரும் மாறினார். அறுவடை முடிந்தால் உங்களுக்கு வருகிற அரிசி மூட்டையோடு எனக்கும் ஒன்று வரத் தொடங்கியது. சின்னதுதான், ஆனால் புது அரிசி.

உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்த கதையை நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கை மெலிய மெலிய மணிக்கூடு முழங்கை வரை ஓடியது. நான் ஒரு கண்ணி கழற்றித் தந்தேன். பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. "எறிஞ்சு போடாதை. நான் திரும்ப உடம்பு வைப்பன், அப்ப பூட்ட வேணும்" என்றீர்கள். ஓம் மச்சாள் என்றேன். பற்றரி மாற்றவா என்று அப்போதும் கேட்டேன். வேண்டாம் என்று அப்போதும் சொன்னீர்கள்.

இனி, நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்குச் சம்மந்தியம்மா கிளிவெட்டியிலிருந்து வந்து எட்டாம் நாள் சடங்கு முடியும் வரை நின்றார். ஒரு பின்னேரம் சனம் குறைந்தபின் எனக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தார். பிறகு, "அந்த மணிக்கூட்டுக் கதை உமக்கு முழுக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும்தானே. நான் அங்கைதானே நிண்டனான்" என்றேன்.

"கடையிலை நடந்ததைக் கேக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் நான் உம்மடை மச்சாளுக்குப் போன் எடுத்தனான். மணிக்கூடு கட்டினது கட்டினதுதான், அதை விடுவம். மணவறைப் பக்கம் மட்டும் அந்தப் பிள்ளை வரவேண்டாம், எங்கடை ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பினம் எண்டு சொன்னனான். அவ சத்தம் போடேல்லை. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பன். 'என்ரை தம்பி இருந்திருந்தா முன்னுக்கு நிண்டிருப்பான். அவன் இல்லை, அவன்ரை மனுசி நிப்பாள். அது சரிவராதெண்டா இந்தக் கலியாணம் வேண்டாம் சம்மந்தி. யோசிச்சுச் சொல்லுங்கோ' எண்டு போனை வைச்சிட்டா."

என் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"நாங்கள் உடனை பதில் சொல்லேல்லை" என்றார். "வீட்டிலை பெரிய கதை. வேறை இடம் பாப்பமெண்டும் கதைச்சவை. பெடியன்தான் சாப்பிடாமல் கிடந்தான். வெள்ளிக்கிழமைதான் நான் திரும்ப எடுத்துச் சரியெண்டு சொன்னனான்." கொஞ்சம் வெட்கத்தோடு, "நல்ல நேரம் பாத்துத்தான் எடுத்தனான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் திரும்பி வினோவைப் பார்த்தேன். அவள் நிலத்தில் பாயில் இருந்து பிள்ளையைத் தட்டி நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள். "ஓம் மாமி" என்றாள். "அம்மா போனை வைச்சிட்டு வந்து என்னைத்தான் முதல் கேட்டவ. நான் சொன்னது சரியோ பிள்ளை எண்டு. சரி எண்டு சொன்னனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப் போட்டா. சொன்னா நீங்கள் கலியாணத்துக்கே வரமாட்டியள் எண்டு."

உண்மைதான் மச்சாள். தெரிந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். வினோவின் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிறேனே என்று காலில் விழுந்தாவது ஒதுங்கியிருப்பேன். பின்மேசைக்குக்கூடத் திரும்பியிருக்க மாட்டேன், நேரே வீட்டுக்குள் போய் இருந்திருப்பேன். நீங்கள் என்னை நன்றாகத்தான் அறிந்திருந்தீர்கள். ஒற்றை மகளின் கலியாணத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அந்தத் தட்டை என் கண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வது? உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பார்" என்று விரட்டியிருப்பீர்கள். இப்போது விரட்ட ஆளில்லை. ஆகையால் சொல்கிறேன். நன்றி மச்சாள். நான் இன்றைக்கும் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அது நீங்கள் நிறுத்திய நிலை.

அன்று முழுக்க நான் அந்தக் கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கு அடுத்து வெள்ளி வரை நீங்கள் எப்படி இருந்தீர்கள்? முகத்தில் ஏதாவது தெரிந்ததா? ஒன்றும் நினைவில்லை. நினைவில் இருப்பது இதுதான். நடுக் கிழமையில் ஒரு நாள் கந்தோர் விட்டு வந்து, என்னைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பச்சைப் பட்டு எடுத்துத் தந்தீர்கள். எனக்கு வேண்டாம், பழையது ஒன்று கிடக்கு என்றேன். நீங்கள் கேட்கவில்லை. அங்கிருந்து நேரே தையல்காரியிடம் போனோம். அவள் என்னை அளந்துகொண்டிருக்க, "கழுத்தை இவ்வளவு மூடாதையும், அவள் என்ன கன்னியாஸ்திரியே?" என்று சண்டை பிடித்தீர்கள். எப்போதைக்கு வேணும் என்று அவள் கேட்டாள். "கலியாணத்துக்கு முதல் தந்தால் போதும்" என்றீர்கள், குரலில் ஒரு துளி பிசகாமல்.

நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத கலியாணத்துக்கு எனக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறீர்கள், மச்சாள்.

அந்தச் சட்டை இப்போது எனக்குக் கொள்ளாது. தையல் பிரித்து விட்டுத் தரவா என்று வினோ கேட்டாள். வேண்டாம் என்றேன். அலுமாரியில் அப்படியே இருக்கிறது.